கோ-கார்ட்டை டிரான்ஸ்போர்ட்டில் அனுப்புவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து கையெழுத்து போடும் வரை

கோ-கார்ட் என்ற சின்ன, கூரையில்லாத நான்கு சக்கர வண்டியை அனுப்ப நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் போனை எடுத்து, "ஒரு கோ-கார்ட் அனுப்பணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் கார்ட்டைப் பார்த்தே இருக்க மாட்டார். ஒருவர் அதைக் கார் கணக்கில் சேர்ப்பார், இன்னொருவர் பார்சல் கணக்கில் சேர்ப்பார். இரண்டு விலையும் தப்பு. வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் தகராறு ஆரம்பிக்கும்.

அதனால் இங்கே விலை கேட்பது மூன்றாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சொந்த டிரெய்லரில் இழுத்துப் போகிறவர்களுக்கு இதில் பாதிதான் பயன்படும்; காசு கொடுத்து இன்னொருவர் கையில் ஒப்படைப்பவர்களுக்காக எழுதியது இது.

1. கார்ட் எந்தக் கோலத்தில் போகிறது என்று முடிவு செய்யுங்கள்

மொத்தம் மூன்று வழிகள். சக்கரத்தில் நின்றபடி மூடிய வேனிலோ டிரெய்லரிலோ போகலாம். பேலட் என்ற சரக்குத் தட்டின் மேல் கட்டிப் போகலாம். முழுக்க மூடிய மரப்பெட்டியில் போகலாம். விலை, காப்பீடு, எதைக் கழற்றுவது, யாரிடம் கேட்பது எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை.

சாலை வழியாகவே சேரும் இடம் என்றால் முதல் வழிதான் நல்லது. பைக், பந்தய வண்டி எடுத்துப் போகிறவர்களிடம் இதற்கான வேன் இருக்கும். ஏற்றிய இடத்துக்கும் இறக்கும் இடத்துக்கும் நடுவில் யாரும் கார்ட்டைத் தொடுவதில்லை என்பதுதான் இதன் பெரிய பலன். அடி படுவது பெரும்பாலும் ஓடும்போது இல்லை, ஏற்றி இறக்கும்போதுதான்.

பேலட் என்றால் பலருடைய சரக்கோடு சேர்ந்து போகும், மலிவு. ஆனால் வழியில் கிடங்கு மாறும், ஒவ்வொரு மாற்றத்திலும் இரும்புக் கவைகளால் சரக்கைத் தூக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வரும். வெளியே துருத்தும் எதையும் அந்தக் கவைகள் பதம் பார்க்கும். பேலட்டில் அனுப்பினால் சுற்றிலும் மரச்சட்டமாவது அடிக்க வேண்டும். கடல் வழிக்கும் விமானத்துக்கும் மரப்பெட்டிதான் சரி.

பந்தயத்துக்குப் போகிறீர்கள் என்றால் இன்னொரு வாய்ப்பையும் விசாரித்துப் பாருங்கள். அதே களத்துக்குப் போகும் அணிகளின் லாரியில் கார்ட் அடுக்கும் தட்டு காலியாக இருந்தால் வாடகைக்குக் கொடுப்பார்கள். கார்ட்டைத் தூக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். சேதமானால் யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நட்புக்காக ஏற்றியதில்தான் பிறகு மனக்கசப்பு அதிகம் வருகிறது.

2. அளவெடுங்கள், எடை போடுங்கள்

சர்வதேச விதிப்படி கட்டிய பந்தய கார்ட்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 101 முதல் 107 செ.மீ., மொத்த அகலம் அதிகபட்சம் 140 செ.மீ. முன்பின் பம்பர்களோடு நீளம் 2 மீட்டரைத் தொடும். இது பொது அறிவுக்கு மட்டும். உங்கள் கார்ட்டை நீங்களே டேப் பிடித்து அளக்க வேண்டும். கம்பெனி இணையதளத்தில் போட்டிருக்கும் அளவில் பம்பரோ பக்கவாட்டு மூடியான பாடோ சேர்ந்திருக்காது.

அகலத்தைப் பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து எடுங்கள், அங்கேதான் கார்ட் அகலமாக இருக்கும். உயரத்துக்கு ஸ்டீயரிங், சீட் இரண்டில் எது உயரமோ அது. வழக்கமான பேலட் 120 × 100 அல்லது 120 × 80 செ.மீ. முழு கார்ட் அதில் எந்தப் பக்கம் வைத்தாலும் வெளியே நீட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கைக் கிடங்கில் திருப்பி அனுப்பலாம், அல்லது கூடுதல் பில் போடலாம். ஆகவே தனி அளவு பேலட் தேவை.

எடையில் வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. பந்தய கார்ட் ஓட்டுநர் இல்லாமல் சுமார் 70 முதல் 100 கிலோ. வாடகைக்கு ஓட்டும் கார்ட்டில் சுற்றுப் பம்பரும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினும் இருப்பதால் 150 கிலோவைத் தாண்டும். முதல் வகையை இரண்டு பேர் தூக்கிவிடலாம், இரண்டாவதை முடியாது. இந்த ஒரு தகவலைச் சொல்லாமல் விட்டால் டிரைவர் தனியாக வந்து நிற்பார்.

விமானத்தில் அனுப்புகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். கன சென்டிமீட்டரை 6000 ஆல் வகுத்து வரும் கிலோ, உண்மையான எடையை விட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். முழு கார்ட்டை 210 × 145 × 75 செ.மீ. பெட்டியில் வைத்தால் 381 கிலோ வருகிறது. சக்கரங்கள், அவற்றை அச்சில் பொருத்தும் ஹப், பம்பர், பாட், ஸ்டீயரிங் எல்லாம் கழற்றி 190 × 110 × 65 பெட்டிக்குள் அடக்க முடிந்தால் 226 கிலோ. கழற்றிய சாமான்களை கார்ட்டின் குழாய்ச் சட்டமான சேசிஸின் இடுக்குகளில் அடைக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் வேலை. ஆனால் மிச்சமாவது 155 கிலோவுக்கான விமானக் கட்டணம்.

கடல் வழிப் பகிர்வுக் கண்டெய்னரில் கன மீட்டர் கணக்கு. அங்கேயும் கார்ட் எடைக்காக இல்லை, இடத்துக்காகத்தான் காசு கொடுக்கிறது.

3. இப்போது விலை கேளுங்கள்

எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். நீளம், அகலம், உயரம், எடை, கோலம், ஏற்றும் இடம், இறக்கும் இடம், இரண்டு பக்கமும் ஆள் உதவி உண்டா, நாள். நான்கு பக்கமும் எடுத்த படம். ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னால் வரும் விலைகளை ஒப்பிட முடியாது.

அதில் "சாலையில் ஓட்டப் பதிவு செய்யாத விளையாட்டு வண்டி, நம்பர் பிளேட் கிடையாது" என்ற வரியைச் சேருங்கள். பல நிறுவனங்களின் படிவத்தில் பதிவெண் கட்டாயம். முன்கூட்டியே சொன்னால் சேசிஸ் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் ஏற்றும் நாள் காலையில் அலுவலகத்துக்கும் டிரைவருக்கும் நடுவில் நீங்கள் மாட்டுவீர்கள்.

பதில் வந்ததும் திருப்பிக் கேட்க வேண்டியவை:

வண்டி உங்களுடையதா, வேறு ஒருவருக்குக் கைமாற்றுவீர்களா? விலை சொல்பவர் பல சமயம் புரோக்கர்தான். அது குற்றமில்லை, ஆனால் யார் கையில் கார்ட் இருக்கப் போகிறது என்று தெரிய வேண்டும். வழியில் எத்தனை முறை இறக்கி ஏற்றுவீர்கள்? வண்டி மூடியதா? பின்பக்கம் ஏறி இறங்கும் மேடை (டெயில் லிஃப்ட்) உண்டா, சாய்தளமா?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. பந்தய கார்ட்டுக்கும் தரைக்கும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான். செங்குத்தான சாய்தளத்தில் ஏற்றினால் மேல் விளிம்பைத் தாண்டும்போது அடித்தட்டும் சேசிஸ் குழாயும் உரசும். சாய்தளம்தான் என்றால், தூக்க இரண்டு பேர் இருப்பார்களா என்று கேளுங்கள். பதில் இழுவையாக வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

ரொம்பக் குறைவாக ஒரு விலை வந்தால், பேலட் விலையைச் சொல்லியிருக்கிறாரா என்று சரிபாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

4. காப்பீட்டை புக்கிங்குக்கு முன் முடியுங்கள்

"எங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பெரும்பாலும் அவர்களுடைய சட்டப் பொறுப்புக்கான காப்பீடு, உங்கள் கார்ட்டின் முழு மதிப்புக்கானது அல்ல. அந்தப் பொறுப்புக்கு எடைக் கணக்கில் உச்சவரம்பு உண்டு. இலேசான, விலை கூடிய பொருளுக்கு இது மோசமான கணக்கு.

எல்லை தாண்டும் சாலைப் போக்குவரத்துக்கு ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியும் பொருந்தும் சி.எம்.ஆர். உடன்படிக்கையில் கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒரு அமெரிக்க டாலரைவிடக் கொஞ்சம் கூடுதல். விமானத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26. கடலுக்கான ஹேக்-விஸ்பி விதிகளில் கிலோவுக்கு 2, அல்லது ஒரு பொதிக்கு 666.67, இதில் எது அதிகமோ அது.

பேலட்டோடு 100 கிலோ என்று வையுங்கள். முழுசாகத் தொலைந்தாலும் சாலையில் 833, விமானத்தில் 2600, கடலில் 666.67 எஸ்.டி.ஆர். நல்ல பந்தய எஞ்சின் ஒன்றே இதைத் தாண்டும். உள்நாட்டுப் போக்குவரத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சட்டம், அதோடு கம்பெனியின் சொந்த நிபந்தனை. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தீர்வு, உங்கள் பெயரில் தனி சரக்குக் காப்பீடு. சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதித்தொகுப்புகள் புழக்கத்தில் உள்ளன. சி மலிவாக இருக்கும், ஆனால் தீ, கப்பல் மூழ்குதல், வண்டி கவிழ்தல் மாதிரி பெரிய விபத்துகளுக்கு மட்டும். ஃபோர்க்லிஃப்ட் இடித்து சேசிஸ் வளைந்தால் அதில் ஒன்றும் கிடைக்காது. கார்ட்டுக்கு ஏ எடுங்கள். அதிலும் பேக்கிங் போதாமையால் வந்த சேதத்துக்குக் காசு இல்லை. கீழே ஏழாம், எட்டாம் படிகள் நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதிப்பைச் சொல்லும்போது சேசிஸ், எஞ்சின், உதிரி என்று பிரித்து எழுதுங்கள். பில் இல்லாத பழைய கார்ட் என்றால் அதே மாதிரி கார்ட் விற்பனைக்கு வந்த விளம்பரங்களைச் சேர்த்து வையுங்கள்.

5. காகிதங்கள்

நாட்டுக்குள் அனுப்ப அதிகம் தேவையில்லை. வாங்கிய பில் அல்லது விற்பனைக் கடிதம், சேசிஸ் எண், எஞ்சின் எண், உள்ளே இருக்கும் சாமான் பட்டியல், இரண்டு முனையிலும் போன் எண். அவ்வளவுதான்.

நாடு தாண்டினால் கதை வேறு. பந்தயம் முடிந்து திரும்பி வரப் போகும் கார்ட்டுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிக இறக்குமதிப் புத்தகம் உதவும். அதை ஏற்கும் நாடுகளில் சுங்கவரி கட்டாமல் உள்ளே கொண்டுபோகலாம். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பட்டியலில் எழுதிய எண்ணும் எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போகிற இடத்தில் எஞ்சினை மாற்றிக்கொண்டு திரும்பினால் சிக்கல். பெட்ரோல், எண்ணெய் போல தீர்ந்துபோகும் பொருட்களை அதில் சேர்க்க முடியாது.

மரப்பெட்டிக்கும் ஒரு விதி இருக்கிறது, புதியவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற தரப்படி, திட மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது போன்ற அங்கீகரித்த முறையில் பக்குவம் செய்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. பலகைக்குப் பிளைவுட், சட்டத்துக்கு மட்டும் முத்திரை மரம் என்று அடித்தால் வேலை சுலபம்.

6. திரவங்களும் பேட்டரியும்

பெட்ரோல் தொட்டியைக் காலி செய்யுங்கள். அதோடு நிற்காதீர்கள். குழாயிலும் கார்புரேட்டரிலும் மிச்சம் இருக்கும், அதையும் வடிக்க வேண்டும். மூடியைத் திறந்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். மூடிய வேனுக்குள் வெயிலில் கொஞ்சம் பெட்ரோல் ஆவியானாலே போதும், டிரைவர் பாதி வழியில் நிறுத்திவிடுவார்.

கடலிலும் வானிலும் பெட்ரோலில் ஓடும் வண்டி யு.என். 3166 என்ற எண்ணில் ஆபத்தான சரக்காக வரும். விமானத்தில் தொட்டியில் கால் பங்குக்கு மேல் எரிபொருள் இருக்கக் கூடாது என்பது விதி, ஆனால் நீங்கள் காலியாகவே கொடுங்கள். பெட்ரோல் கேனைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிற வேலையே வேண்டாம். ஸ்கேனில் தெரியும், காப்பீடும் போகும்.

மின்சார கார்ட் வைத்திருப்பவர்கள் புக்கிங்கின் முதல் வரியிலேயே அதைச் சொல்ல வேண்டும். லித்தியம் அயான் பேட்டரி வண்டிக்கு இப்போது யு.என். 3556 என்று தனி எண். பேட்டரி யு.என். 38.3 சோதனையில் தேறியதற்கான தாளைக் கேட்பார்கள். வீட்டில் கட்டிய பேட்டரிக்கு அது இருக்காது, அப்படியானால் விமானம் கிடையாது.

தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்றால் ரேடியேட்டரை வடித்துவிடுங்கள். பல பந்தய விதிகள் வெறும் தண்ணீரை மட்டும் அனுமதிப்பதால் அதில் உறைதடுப்பான் இருக்காது. குளிர் நாட்டுக் கிடங்கில் ஒரு இரவு உறைந்தால் சிலிண்டர் விரிசல் விடும்.

ஸ்டார்ட்டர் பேட்டரியின் வயரைக் கழற்றி முனைகளில் டேப் சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெயை, கார்ட் படுக்கைவாட்டில் மட்டுமே போகும் என்று உறுதியாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். இடம் மிச்சம் பிடிக்க கார்ட்டை வாலில் செங்குத்தாக நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படி நிறுத்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள்ளோ காற்று வடிகட்டிக்குள்ளோ இறங்கும். "செங்குத்தாக நிறுத்தக் கூடாது" என்று புக்கிங்கிலும் பெட்டி மேலும் எழுதுங்கள்.

7. எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

கழற்றுவதற்கு முன் செட்டப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்: டோ, கேம்பர், காஸ்டர் (முன்சக்கர அமைப்பின் மூன்று கோணங்கள்), பின்சக்கர அகலம், சீட் இருக்கும் இடம். பெயிண்ட் பேனாவால் ஹப் இருக்கும் இடத்தில் ஆக்சில் மேல் கோடு போடலாம். போய்ச் சேர்ந்த பிறகு வளைந்திருக்கிறதா என்று பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த எண்கள்தான்.

வேனில் போகிற கார்ட்டில் அதிகம் கழற்ற வேண்டாம். டிரான்ஸ்பாண்டர் (சுற்று நேரம் எடுக்க சிக்னல் அனுப்பும் கருவி), லேப் டைமர் திரை, காற்றுப் பெட்டி இவற்றை எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். திருட்டுப் போவது எப்போதும் சின்னதும் விலை கூடியதும்தான். கார்புரேட்டர் வாயில் சுத்தமான துணி, சைலன்சர் வாயில் மூடி.

சீட்டில் எடை கூட்டும் ஈயக் கட்டிகள் போல்ட் போட்டிருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். சீட் ஃபைபர் கண்ணாடி. நாள் முழுக்கக் குலுங்கும்போது அந்த ஈயம் போல்ட் துளையைச் சுற்றிச் சீட்டைக் கிழிக்கும்.

பெட்டிக்கு என்றால் சக்கரம், பின் ஹப், பம்பர், பாட், ஸ்டீயரிங் சக்கரம், சைலன்சர் வரைக்கும் போகலாம். முன்சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சிலைத் தொடாதீர்கள். அது திரும்பும் அச்சாணியான கிங்பின்னில் உள்ள மையம் விலகிய வளையங்கள்தான் கேம்பரையும் காஸ்டரையும் தீர்மானிக்கின்றன, ஒரு கோடு திரும்பினாலும் கணக்கு மாறும். எஞ்சினைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைப்பதற்கு நான் ஆதரவு. அதன் எடை ஒரு பக்கமாகச் சேசிஸை இழுக்காது, காப்பீட்டிலும் தனி மதிப்பு போட வசதி. கழற்றிய போல்ட்டுகளை அந்தந்தப் பாகத்திலேயே திரும்ப மாட்டிவிடுங்கள்; ஒரே பையில் போட்டால் அந்தப் பக்கம் பொருத்துகிறவர் பாடு திண்டாட்டம்.

8. தாங்கு கட்டை, பெல்ட்

கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, சேசிஸ் குழாய்கள் வளைந்து கொடுத்துத்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால் பெல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவும் நேராகச் சேசிஸில் இறங்கும். சமமில்லாத தரையில் வைத்து நான்கு மூலையையும் முறுக்கினால், பயணம் முழுக்க அது முறுக்கியபடியே இருக்கும்.

சக்கரம் கழற்றிய கார்ட்டை அப்படியே பலகையில் வைப்பது தான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பின் ஆக்சிலில் உள்ள, சங்கிலி ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோ பிரேக் டிஸ்கோ பலகையில் முதலில் முட்டி, மொத்த எடையும் அதன் மேல் உட்காரும். சேசிஸின் முக்கியக் குழாய்களுக்குக் கீழே ஒரே உயரத்தில் ரப்பர் ஒட்டிய கட்டைகள் வையுங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அடித்தட்டின் மேல் எடை விழக் கூடாது, அது மெல்லிய தகடு.

பெல்ட் நான்கு போதும், 25 மி.மீ. அகலம் தாராளம். முன்னால் பெடல் பக்கத்துக் குழாய், பின்னால் சீட்டுக்குப் பின் வரும் முக்கியக் குழாய், இவற்றில் துணி உறை போட்டுக் கட்டுங்கள். ஸ்டீயரிங் தண்டு, அதை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராட், பின் ஆக்சில், பம்பர், சீட் இந்த ஐந்திலும் பெல்ட் படவே கூடாது. டை ராட் கொஞ்சம் வளைந்தாலும் முன்சக்கர டோ போச்சு. சக்கரத்தோடு போகிறதென்றால் டயரில் நன்றாகக் காற்று அடித்து, நான்கு சக்கரத்துக்கும் முட்டுக் கட்டை வைத்த பிறகு பெல்ட் போடுங்கள். கார்ட்டைத் தள்ளிப் பார்த்தால் நகரக் கூடாது. அதற்கு மேல் பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டை ஒரு பல்லும் திருப்ப வேண்டாம்.

கார்ட் ஸ்டாண்டின் மேல் வைத்து அனுப்பாதீர்கள். ஸ்டாண்டைத் தனிச் சாமானாக எழுதி, மடித்துக் கட்டுங்கள்.

9. ஏற்றும் நாள்

ஏற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். முக்கியமாகச் சேசிஸின் அடிப்பக்கம், எண்கள், ஏற்கெனவே உள்ள கீறல்கள். பெல்ட் போட்ட பிறகு ஒரு படம், வண்டியின் நம்பர் பிளேட்டோடு ஒரு படம். வண்டிக்காரர் எழுதும் நிலைக் குறிப்பில் "பழைய கீறல்கள் பல" என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். எங்கே, என்ன என்று எழுதச் சொல்லுங்கள், கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று டிரைவருக்குக் காட்டுங்கள். ஒருவர் முன்பக்கச் சேசிஸ் குழாயை, இன்னொருவர் பின் பம்பருக்கு உள்ளே இருக்கும் குழாயை. சீட்டைப் பிடித்துத் தூக்குவது எல்லாருக்கும் இயல்பாக வரும், சீட் விரிசல் விடுவதும் அப்படித்தான்.

பந்தயத்துக்கு அனுப்புவதாக இருந்தால் முதல் பயிற்சிக்கு முந்தைய நாள் வந்து சேரும்படி புக் செய்யாதீர்கள். வளைந்த ஆக்சிலை மாற்ற நேரம் வேண்டும். களத்தின் கேட் எப்போது திறக்கும், சரக்கை யார் வாங்கி வைப்பார் என்று அங்கே போன் செய்து கேட்ட பிறகு தேதியைப் போடுங்கள்.

10. இறக்கும் இடத்தில்

பெட்டி என்றால் வெளியே அடி, கவிழ்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் டிரைவர் நிற்கும்போதே திறந்து பாருங்கள். அவசரம் என்பார். ஐந்து நிமிடம்தான் ஆகும், நில்லுங்கள் என்று சொல்லுங்கள். பார்க்க விடாமல் கையெழுத்துக் கேட்டால், "உள்ளே சரிபார்க்கவில்லை" என்று கைப்பட எழுதிவிட்டு கையெழுத்து போடுங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த சேதத்துக்கு அது பதிலாகாது. வெளியே தெரியும் சேதத்தை அங்கேயே ரசீதில் எழுத வேண்டும்.

உள்ளே மறைந்திருக்கும் சேதத்துக்குக் கெடு உண்டு. சி.எம்.ஆரில் ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 7 நாள், மாண்ட்ரியலில் 14 நாள், ஹேக்-விஸ்பியில் 3 நாள். எழுத்தில் தெரிவிக்க வேண்டும், போனில் சொன்னது கணக்கில் வராது. பேக்கிங் மரத்தையும் பெல்ட்டையும் தூக்கி எறியாதீர்கள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைத்தான் முதலில் கேட்பார்.

சேசிஸ் வளைவு வெறும் கண்ணுக்குத் தெரியாது. சமதளத்தில் வைத்து, ஏழாம் படியில் குறித்த எண்களோடு ஒப்பிடுங்கள். பின் ஆக்சிலைச் சுற்றிவிட்டு முனை ஆடுகிறதா பாருங்கள். டோ மட்டும் மாறியிருந்தால் முதலில் டை ராட்டைப் பாருங்கள். அது நேராக இருந்தால் ஸ்டப் ஆக்சில், அடுத்தது ஸ்டீயரிங் தண்டு. எண்கள் ஒத்துப்போனால் பிரேக் பெடலை மிதித்து அழுத்தம் இருக்கிறதா பார்த்து, ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிய பிறகு பெட்ரோல் ஊற்றலாம்.